சீட் மேப்பை நம்பாதீர்கள்: அட்லாண்டிக் விமானக் கூட்டத்தைக் கணிப்பதில் வரும் தவறுகள்

லண்டன்–நியூயார்க் விமானத்தில் எவ்வளவு கூட்டம் இருக்கும் என்று கணிக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் அதே சில பள்ளங்களில்தான் விழுகிறார்கள். ஜூலையில் நிரம்பும், பிப்ரவரியில் காற்றாடும் என்பதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சீட் மேப்பை வைத்துத் தலை எண்ணுவது

எத்தனை முறை சொன்னாலும் தீராத தவறு இது. எந்த இருக்கை ஒதுக்கப்பட்டிருக்கிறது, எது இன்னும் இல்லை என்பதைத்தான் சீட் மேப், அதாவது டிக்கெட் தளத்தில் வரும் இருக்கை வரைபடம், காட்டும். எத்தனை டிக்கெட் விற்றது என்பதை அல்ல. மிக மலிவான கட்டணத்தில் வாங்கியவர் தனியாகப் பணம் கட்டினால்தான் இருக்கையைத் தேர்ந்தெடுக்க முடியும். கட்டாதவருக்குப் பெரும்பாலும் செக்-இன் நேரத்தில்தான் இடம் விழும். 300 இருக்கை விமானத்தில் 290 டிக்கெட் விற்று, அதில் 110 பேர் இடம் தேர்ந்தெடுக்கவில்லை என்று வையுங்கள். மேப்பில் 120 இருக்கை காலியாகத் தெரியும். உண்மையில் மிச்சம் பத்து.

தலைகீழாகவும் ஏமாறலாம். குழந்தைத் தொட்டில் மாட்டும் முன்வரிசை, மாற்றுத்திறனாளிகளுக்காக நிறுத்திவைத்தவை, பழுதான இருக்கை, விமான நிலைய ஊழியர்கள் கையில் வைத்திருப்பவை என்று ஆளே இல்லாத இடங்களும் நிரம்பியதாகத் தெரியும்.

'பாதி காலி, விலை இறங்கும்' என்று காத்திருப்பவர் கடைசி வாரத்தில் இரண்டு மடங்கு கொடுத்து, நடு இருக்கையில் போய் உட்காருவார். மேப்பைப் பார்த்துவிட்டு இருக்கைக்குப் பணம் கட்டாத குடும்பம் ஆளுக்கொரு மூலையில் பறக்கும்.

மேப்புக்குப் பதிலாக, அதே விமானத்தை டிக்கெட் தளத்தில் 9 பேருக்குத் தேடிப் பாருங்கள். பல தளங்கள் ஒரே தேடலில் அனுமதிக்கும் உச்சம் அதுதான். கிடைக்காவிட்டால் 8, 7 என்று குறையுங்கள். ஆள் குறையும்போது ஒரு தலைக்கான விலை சட்டென்று இறங்கினால், மலிவுக் கட்டணத்தில் அத்தனை டிக்கெட்தான் மிச்சம். ஆனால் இதுவும் விற்பனைக்கு விட்ட எண்ணிக்கையே. வராதவர்களை எதிர்பார்த்து இருக்கைக்கு மேலும் விற்பார்கள் என்பதால், 9 கிடைத்தால் ஒன்பது இடம் காலி என்று பொருளில்லை. செக்-இன் திறந்த பிறகே, பெரும்பாலும் விமானம் கிளம்ப 24 மணி நேரம் இருக்கும்போது, மேப் ஓரளவு உண்மை பேசத் தொடங்கும்.

சதவீதங்களைக் கூட்டி இரண்டால் வகுப்பது

நிறுவனம் அறிவிக்கும் லோட் ஃபேக்டரில் (இருக்கைகள் எத்தனை சதவீதம் நிரம்பின என்ற கணக்கில்) தூரத்துக்கும் எடை உண்டு. 5,500 கி.மீ. ஓட்டத்தில் 300-க்கு 270 பேர், 1,000 கி.மீ. ஓட்டத்தில் 150-க்கு 60 பேர் என்றால் விடை 65 அல்ல, சுமார் 86 சதவீதம். நீண்ட ஓட்டம் குட்டி விமானத்தின் காலியை மறைத்துவிடுகிறது.

திசையை மறப்பது

ஜூனில் அமெரிக்கர்கள் கிழக்கே கிளம்புவார்கள், ஆகஸ்ட் கடைசியில் மேற்கே திரும்புவார்கள். மாத சராசரியில் இது தெரியாது.

மைல் புள்ளி டிக்கெட்டைக் கழிப்பது

அடிக்கடி பறந்து சேர்த்த புள்ளிகளைக் கொடுத்து டிக்கெட் வாங்கியவரை லோட் ஃபேக்டரிலிருந்து கழிக்காதீர்கள், அவர் கணக்கில் உண்டு. சலுகை டிக்கெட்டில் பறக்கும் விமான நிறுவன ஊழியர்தான் கணக்கில் இல்லை.

இடம் போதாதபோது அவசரப்பட்டுக் கை தூக்குவது

இருக்கைக்கு மேல் விற்று இடம் போதாமல் போனால், தானாக இடத்தை விட்டுக்கொடுப்பவர் உண்டா என்று முதலில் கேட்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் விமானத்தில் உங்கள் விருப்பமின்றி இறக்கிவிட்டால், 3,500 கி.மீ.க்கு மேற்பட்ட பயணத்துக்கு 600 யூரோ இழப்பீடு. மாற்று விமானம் நான்கு மணி நேரத்துக்குள்ளான தாமதத்தில் கொண்டுசேர்த்தால் அதில் பாதியாகக் குறைக்கலாம். நீங்களாக விட்டுக்கொடுத்தால் இழப்பீடாகக் கிடைப்பது பேசி முடித்தது மட்டுமே. அதனால் முதலில் நீட்டும் வவுச்சரை வாங்குவதற்கு முன் தொகையைக் கேளுங்கள்.