ஸ்பிண்டில் சுற்றியதும் மெஷின் நிற்கிறதா?

கோத்தகிரியில் எனக்குச் சின்னதாக ஒரு மரவேலைக் கடை. சில்வர் ஓக் பலகையில் வீட்டுப் பெயர் செதுக்கித் தருவதுதான் பிழைப்பு. உளி பிடித்துப் பிடித்து மணிக்கட்டு வலி வந்த பிறகு, கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரத்தைச் செதுக்கும் சிஎன்சி ரவுட்டர் ஒன்றை நானே கட்டினேன். சட்டம் முடிய ஒரு வாரம், வயரிங் அடங்க மூன்று மாதம்.

சட்டம் அலுமினிய எக்ஸ்ட்ரூஷன், 15 மி.மீ. லீனியர் ரயில், 1605 பால் ஸ்க்ரூ. மூலைமட்டத்தை மட்டும் நம்பாமல் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். மேசைக்கு எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வேண்டாம். ஐப்பசி மழையில் இங்கே அது அப்பளம் மாதிரி உப்பிவிடும்.

கட்டுப்பாட்டுக்கு ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன கன்ட்ரோல் போர்டு, அதில் மெஷினை நகர்த்தும் ஜிஆர்பிஎல் மென்பொருள். மூன்று நெமா 23 ஸ்டெப்பர் மோட்டார், அவற்றை ஓட்ட மூன்று டிபி6600 டிரைவர், மின்சாரத்துக்கு 36 வோல்ட் எஸ்எம்பிஎஸ். ஸ்டெப் சிக்னல் 2, 3, 4 பின்களிலிருந்து, டைரக்ஷன் 5, 6, 7-லிருந்து. டிரைவரின் சிக்னல் மைனஸ் முனைகள் எல்லாம் ஆர்டுயினோவின் கிரவுண்டுக்கு.

மோட்டாரின் நாலு வயரில் எதற்கு எது ஜோடி? இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்துத் தண்டைத் திருப்புங்கள். இறுகினால் அதுதான் ஜோடி. டிரைவரில் கரண்ட் இருக்கும்போது மோட்டார் வயரைக் கழற்றவே கூடாது. நான் கழற்றினேன், டிரைவர் ஒன்று போச்சு.

ஒரு சுற்றுக்கு மோட்டார் 200 ஸ்டெப். டிரைவரில் மைக்ரோஸ்டெப் (ஒரு ஸ்டெப்பைச் சிறு துண்டுகளாக்குவது) 8 வைத்தால் 1600. ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகரும், ஆக மில்லிமீட்டருக்கு 320. இதை ஜிஆர்பிஎல் செட்டிங்கில் $100, $101, $102 மூன்றிலும் போடுங்கள். 100 மி.மீ. கேட்டு 50 நகர்ந்தால் எண்ணை மாற்றாதீர்கள், டிரைவரின் குட்டி சுவிட்சுகளைப் பாருங்கள்.

இனி என் மூன்று மாதக் கதை. ஸ்பிண்டில் (வெட்டும் பிட்டைச் சுழற்றும் மோட்டார்) சுற்றாமல் ஓட்டினால் மெஷின் சாதுவாக ஓடும். 1.5 கிலோவாட் ஸ்பிண்டிலை, அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டி வழியாகச் சுற்றவிட்டால் ஐந்தாவது எழுத்திலேயே, மெஷின் ஓரத்தைத் தொட்டுவிட்டதாக லிமிட் அலாரம். ஓரத்தில் இருக்கும் எந்த லிமிட் சுவிட்சும் அழுந்தவில்லை. மச்சான் வந்து பார்த்துவிட்டு, "பேய் பிடிச்சிருக்கு மாப்ள" என்றார். பேய் விஎஃப்டிதான். அதன் மின் இரைச்சல் லிமிட் சுவிட்சின் வயரில் ஏறி, சுவிட்ச் அழுந்தியதாக ஆர்டுயினோவை ஏமாற்றியது. பின்னை 5 வோல்ட் பக்கம் இழுத்துப் பிடிக்க ஆர்டுயினோவுக்குள்ளே இருக்கும் புல்-அப் ரெசிஸ்டர் அதைத் தடுக்கப் போதாது.

நான் செய்தது இது. லிமிட் சுவிட்சுகளை என்சி முனைக்கு (அழுத்தாதபோது இணைப்பு இருக்கும், அழுத்தினால் அறும்) மாற்றி, அதற்கேற்ப ஜிஆர்பிஎல்லில் $5=1 வைத்தேன். இப்படி வைத்தால் வயர் அறுந்தாலும் மெஷின் நிற்கும், அது நல்லதுதானே. ஒவ்வொரு லிமிட் பின்னுக்கும் 5 வோல்ட்டிலிருந்து 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர், கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர். ஸ்பிண்டிலுக்கு ஷீல்டு கேபிள் போட்டு, லிமிட் வயர்களைச் சட்டத்தின் எதிர்ப்பக்கமாக இழுத்தேன். லிமிட் கேபிளின் ஷீல்டை கன்ட்ரோல் பெட்டி முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். சட்டம், விஎஃப்டி, ஸ்பிண்டில் உடல் எல்லாவற்றுக்கும் எர்த் ஒரே இடத்தில் சேரட்டும். அன்றைக்கு நின்ற அலாரம் இன்றுவரை வரவில்லை.

எமர்ஜென்சி பட்டனை ஆர்டுயினோவின் ரீசெட்டில் மாட்டித் திருப்திப்படாதீர்கள். அது கான்டாக்டர் (மின்சாரத்தை வெட்டும் பெரிய மின்காந்த சுவிட்ச்) வழியாக டிரைவர், விஎஃப்டி இரண்டுக்கும் மின்சாரத்தையே வெட்ட வேண்டும். வெட்டிய பிறகும் ஸ்பிண்டில் சில நொடி சுற்றும், கையை நீட்டாதீர்கள். விஎஃப்டியைத் திறப்பதானால் பத்து நிமிடம் பொறுங்கள், கப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கி இருக்கும்.

அப்புறம் பனிமூட்டம். விடிகாலையில் கன்ட்ரோல் பெட்டிக்குள் நீர் முத்து முத்தாக நிற்கும். ஸ்டூடியோக்காரர்கள் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க அலமாரிக்குள் பல்பு எரியவிடுவார்களே, அதே வைத்தியம்தான்: 15 வாட் குண்டு பல்பு, வயர்களைத் தொடாமல் ஒரு மூலையில், இரவு முழுக்க. காலையில் எல்லாம் ஆஃப் ஆக இருக்கும்போதே மூடியைத் திறந்து பார்ப்பேன். உள்ளே துளி ஈரம் தெரிந்தாலும் வெயில் வரும்வரை டீக்கடையில்தான் இருப்பேன்.