கபடிக் குழுவில் பிள்ளைகளின் பாதுகாப்பு

எங்கள் ஊர்க் கபடிக் குழுவுக்கு நான்தான் பயிற்சியாளர். ஆட்டத்துக்கு முன் களத்தில் கல், முள், கண்ணாடிச் சில்லு பொறுக்கிவிடுங்கள். நகம் வெட்டாமலோ மோதிரம் போட்டோ வந்தால் உள்ளே விடமாட்டேன். தலையில் அடிபட்டுக் கிறுகிறுத்தால் அன்றைக்கு ஆட்டம் கிடையாது, எவ்வளவு கெஞ்சினாலும் சரி. வாந்தி, மயக்கம் என்றால் உடனே 108.

அப்புறம், வெளியூர்ப் போட்டி. எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக அறையில் தங்கக்கூடாது, பயிற்சியாளரும்தான். பெண் பிள்ளைகள் வந்தால், அவர்களோடு ஓர் அக்கா கட்டாயம் வரவேண்டும். தசைப்பிடிப்புக்குத் தைலம் தேய்ப்பதும் எல்லோர் கண்முன்னால்தான்.

யாராவது தன்னிடம் தப்பாக நடந்துகொண்டதாகப் பிள்ளை சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். குழுவின் பேர் கெட்டுவிடும் என்று பஞ்சாயத்து பேசி மூடிவிடாதீர்கள். பிள்ளைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியே ஆகவேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு எந்நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம். பிள்ளைகளுக்கும் அந்த எண்ணைச் சொல்லிக்கொடுங்கள்.