ஒரு செமஸ்டர் வெளிநாட்டில் படிக்க விதிவிலக்கு கோரும் மனு: டர்பன் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் பட்டப்படிப்புப் படிக்கும் நம் பிள்ளைகளில் சிலர், படிப்பின் நடுவே ஒரு செமஸ்டரை மதுரையிலோ சென்னையிலோ புதுச்சேரியிலோ படிக்க விரும்புகிறார்கள். மொழியியல், மானிடவியல், சமயவியல், இசை ஆகியவற்றைப் படிப்பவர்களுக்கு அந்த விருப்பத்தில் கல்வி சார்ந்த நியாயமும் இருக்கிறது. ஆனால் வெளிநாட்டுப் படிப்புக்கான விதிகள் பெரும்பாலும் குறுக்கே நிற்கும்: சராசரி மதிப்பெண் இவ்வளவுக்குக் குறையக் கூடாது, இறுதி ஆண்டில் வெளியே போகக் கூடாது, ஒப்பந்தம் செய்துகொண்ட கல்லூரிகளுக்கு மட்டுமே போகலாம், குறித்த தேதிக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும் என்பன போன்றவை அவை. இவற்றில் ஒன்றைத் தம் வகையில் தளர்த்தும்படி உரிய குழுவிடம் மனுச் செய்ய விரும்பும் மாணவர்களுக்காகவும், அவர்களுக்குத் துணை நிற்கும் பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன்.

இத்தகைய மனுக்களைப் படித்துத் திருத்திக் கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன்: தோற்றுப்போனவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுந்தன. தாத்தாவின் ஊரைப் பார்க்க வேண்டும், ஆயா பேசிய மொழியை முறையாகக் கற்க வேண்டும், 1860இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்திறங்கிய ஒப்பந்தத் தொழிலாளர்களின் வழித்தோன்றல் நான் என்று இரண்டு பக்கம் உருக்கமாக எழுதிவிட்டு, எந்த விதியை ஏன் தளர்த்த வேண்டும் என்பதைக் கடைசி வரியில்கூடச் சொல்லாமல் முடித்திருப்பார்கள். அந்த உணர்வு உண்மையானது. அதற்கு ஒரு பத்தி கொடுப்பதில் தவறில்லை. குழுவினர் விடை காண வேண்டிய கேள்வியோ வேறு. எதைக் காப்பதற்காக இந்த விதி எழுதப்பட்டதோ, அது இந்த மாணவருக்கு விலக்கு அளித்த பிறகும் காக்கப்படுமா என்பதே அவர்கள் முன் உள்ள கேள்வி. மனுவின் ஒவ்வொரு பத்தியும் அந்தக் கேள்விக்கு விடையாக அமைய வேண்டும்.

ஆகையால் எழுத உட்காரும் முன், உங்கள் புலத்தின் நடப்பு ஆண்டுக் கையேட்டை எடுத்து, உங்களைத் தடுக்கும் விதியின் எண்ணையும் சொற்களையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். விலக்கு அளிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதும் அங்கேயே தெரியவரும். 1997ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டம் கல்விப் பணிகளுக்கான பொறுப்பைப் பல்கலைக்கழகத்தின் கல்விப் பேரவையான செனட்டிடம் ஒப்படைக்கிறது. சில முடிவுகளைப் புலக் குழு எடுக்கலாம், சில முடிவுகள் செனட் வரை போக வேண்டியிருக்கலாம். துறைத் தலைவர் வாய்மொழியாகச் சரி என்று சொன்னதை அனுமதி என்று எண்ணி விமானச் சீட்டு வாங்கிவிடாதீர்கள். பணம் கட்டியாகிவிட்டது என்பதை எந்தக் குழுவும் காரணமாக ஏற்பதில்லை.

அடுத்து, விதியின் நோக்கத்தை உங்கள் சொற்களில் எழுதிப் பாருங்கள். சராசரி மதிப்பெண் விதி இருப்பது, பழக்கமில்லாத கல்விமுறையில் மாணவர் தோற்றுத் திரும்பக் கூடாது என்பதற்காக. உங்கள் சராசரி குறைவாக இருந்தால், முதலாண்டில் குடும்பத்தில் நேர்ந்த நோயோ இழப்போ அதற்குக் காரணம் என்றும், அதன் பிறகு வந்த இரண்டு செமஸ்டர்களில் மதிப்பெண் உயர்ந்துள்ளது என்றும் சான்றுடன் காட்ட வேண்டும். ‘நான் கடினமாக உழைப்பேன்’ என்ற வாக்கியத்தைவிட, ‘முதலாண்டில் 52 விழுக்காடாக இருந்த என் சராசரி, இரண்டாம் ஆண்டில் 66 விழுக்காடாக உயர்ந்தது, நான் அங்கே படிக்கவிருக்கும் துறையில் மட்டும் அது 71’ என்ற வாக்கியம் குழுவினருக்கு உதவும். எண்கள் உங்களுடையவையாக, மதிப்பெண் பட்டியலோடு ஒத்துப்போவனவாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இறுதியாண்டு விதிக்குக் காரணம் பெரும்பாலும் நாட்காட்டிதான். நம் கல்வியாண்டு பிப்ரவரியில் தொடங்கி நவம்பரில் முடிகிறது; தமிழ்நாட்டில் ஜூன் அல்லது ஜூலையில் தொடங்குகிறது. நம் இரண்டாம் செமஸ்டரும் அவர்களின் முதல் செமஸ்டரும் ஏறத்தாழ ஒன்றின்மேல் ஒன்று பொருந்துவதால், ஜூலையில் புறப்படுவதே நல்லது. ஆனால் அங்கே தேர்வுகள் நவம்பர், டிசம்பர் வரை நீளலாம். முடிவுகள் வெளிவர இன்னும் பல வாரங்கள் ஆகலாம். இங்கோ ஆண்டிறுதிக்குள் மதிப்பெண்களைப் பதிவுசெய்து, அடுத்த ஆண்டின் பட்டமளிப்புக்குப் பட்டியல் தயாரிக்க வேண்டும். இறுதியாண்டில் போக விலக்குக் கேட்பவர், மதிப்பெண்கள் எந்தத் தேதிக்குள் நேரடியாக அனுப்பப்படும் என்று அந்தக் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடமிருந்து கடிதம் பெற்று இணைக்க வேண்டும். முடிவு தாமதமானால் அடுத்த பட்டமளிப்பு வரை காத்திருக்கச் சம்மதம் என்பதையும் எழுதித் தர வேண்டும். அங்கே பல பல்கலைக்கழகங்களில் 75 விழுக்காடு வருகைப்பதிவு இல்லாமல் தேர்வு எழுத முடியாது. இங்கே ஜூலையில் துணைத்தேர்வு எழுத வேண்டிய நிலை வந்தால் தாமதமாகத்தான் போய்ச் சேர முடியும் என்பதால், அதற்கு என்ன ஏற்பாடு என்று குழு கேட்பதற்கு முன்பே நீங்கள் சொல்லிவிடுவது நல்லது.

மனுவின் உயிர்நாடி கிரெடிட் கணக்கு. மாணவர்கள் அதிகம் தவறு செய்வதும் இதில்தான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். நம் நாட்டில் ஒரு கிரெடிட் என்பது 10 மணி நேரக் கற்றல்; வகுப்பு, நூலகம், கட்டுரை, தேர்வுக்கான படிப்பு எல்லாம் அதில் அடங்கும். ஓர் ஆண்டுக்கு 120 கிரெடிட், அதாவது 1,200 மணி நேரம். இந்தியாவில் 2023இல் வெளியான தேசிய கிரெடிட் சட்டகமும் ஓர் ஆண்டுக்கு 1,200 மணி நேரம் என்றே கொள்கிறது. ஆனால் அதை 40 கிரெடிட்டுகளாகப் பிரிப்பதால், அங்கே ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரம். எனவே அவர்களின் ஒரு கிரெடிட் நம்முடைய மூன்றுக்குச் சமம். அங்கே 4 கிரெடிட் பெறும் ஒரு தாள் இங்கே 12 ஆகும். நீங்கள் ஈடுசெய்ய வேண்டிய மாட்யூல் (இங்குள்ள பாட அலகு) 16 கிரெடிட் கொண்டதென்றால், 40 மணி நேரம் குறைகிறது. நான்கு தாளுக்கு நான்கு மாட்யூல் என்று எழுதிக் கொடுத்த மனுக்கள் திருப்பி அனுப்பப்படுவது இதனால்தான். குறையும் மணி நேரத்தை இங்குள்ள பேராசிரியரின் மேற்பார்வையில் எழுதும் நீண்ட கட்டுரையால் நிரப்பலாம். அல்லது கூடுதலாக ஒரு தாள் எடுக்கலாம். எது என்பதை மனுவிலேயே தீர்மானமாக எழுதுங்கள். எல்லாக் கல்லூரிகளும் புதிய சட்டகத்துக்கு மாறிவிடவில்லை; வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பை ஒரு கிரெடிட்டாகக் கொள்ளும் பழைய முறையும் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு தாளுக்கும் வகுப்பு எத்தனை மணி நேரம், சொந்தப் படிப்பு எத்தனை மணி நேரம் என்று அந்தக் கல்லூரியிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மணி நேரம் பொருந்தினால் மட்டும் போதாது. தரநிலையும் பொருந்த வேண்டும். நம் மூன்றாண்டுப் பட்டத்தின் இறுதி ஆண்டுப் பாடங்கள், கல்வித் தகுதிகளை நிலைகளாக வகுக்கும் தேசியத் தகுதிச் சட்டகத்தின் ஏழாம் நிலையைச் சேர்ந்தவை. அதற்கு ஈடாக ஒரு தொடக்கநிலை மொழிப் பாடத்தைக் காட்டினால் குழு ஏற்காது. தாளின் முழுப் பாடத்திட்டம், வாசிப்பு நூல்கள், மதிப்பீட்டு முறை ஆகியவற்றை இணைத்து, இங்குள்ள மாட்யூலோடு ஒப்பிட்டுப் பாடம் நடத்தும் ஆசிரியரே கையொப்பமிட்டால், குழுவின் பாதி வேலை முடிந்துவிடும். பொதுவான பாராட்டுக் கடிதங்கள் மூன்றைவிட அந்த ஒரு கையொப்பம் மதிப்பு மிக்கது.

உதவித்தொகை பெறுபவர்கள், வெளியே இருக்கும் செமஸ்டரில் தம் பதிவு இங்கே தொடருமா என்பதையும் உதவித்தொகை எதற்குப் பொருந்தும் என்பதையும் நிதி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். பதிவு அறுந்தால் திரும்பி வந்து மீண்டும் சேர்க்கை கேட்கும் நிலை வரலாம்.

மருத்துவச் சான்றைக் காரணமாகக் காட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி உடல்நலச் செய்தி தனிக் கவனத்துக்குரியது. அதை மனுவின் உடலில் விவரிக்காமல் தனி உறையில் இணைத்து, தீர்மானிப்பவர்கள் மட்டும் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளலாம். மற்ற ஆவணங்களின் நகல்களுக்குக் காவல் நிலையத்தில் கட்டணமின்றிச் சான்று பெறலாம். மனு இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். மற்றவை இணைப்பில் இருக்கட்டும்.

மறுப்பு வந்தால் காரணத்தை எழுத்தில் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் 33ஆம் பிரிவும், அதை நடைமுறைப்படுத்தும் 2000ஆம் ஆண்டு நிர்வாக நீதி மேம்பாட்டுச் சட்டமும் பொதுப் பல்கலைக்கழகங்களையும் கட்டுப்படுத்துகின்றன. முடிவை அறிந்த 90 நாட்களுக்குள் காரணம் கேட்க வேண்டும். கேட்ட 90 நாட்களுக்குள் அவர்கள் தர வேண்டும். ஜூலையில் புறப்பட வேண்டியவருக்கு அந்தக் கால அளவு உதவாது என்பதால், மறுப்புக் கடிதம் வந்த அன்றே பணிவான ஒரு கடிதத்தில் காரணத்தைக் கேட்டு, பல்கலைக்கழகத்துக்குள் இருக்கும் மேல்முறையீட்டுக்கான கடைசித் தேதியையும் விசாரியுங்கள். மேல்முறையீட்டில் பழைய மனுவையே மறுபடி கொடுப்பதில் பயனில்லை. அவர்கள் சொன்ன காரணத்துக்கு நேரான புதிய சான்று வேண்டும்.

அனுமதி கிடைத்தவர்கள், போய்ச் சேர்ந்த பின் தாள் மாறினால் கவனமாக இருங்கள். அங்கே ஆசிரியர் இல்லாததாலோ நேரம் மோதுவதாலோ ஒரு தாள் நின்றுபோவது உண்டு. மாற்றுத் தாளில் பெயரைப் பதியும் முன்பே, அதன் பாடத்திட்டத்தை இங்குள்ள துறைக்கு மின்னஞ்சலில் அனுப்பி ஒப்புதல் பெற்று, அந்தப் பதிலைப் பட்டம் கைக்கு வரும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.