முந்திரிப் பழச் சாறு: தொண்டை கரகரக்காமல் எடுப்பது எப்படி?

முந்திரி மரத்தடியில் கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு, பழத்தை மண்ணிலேயே விட்டுவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. கடித்தால் தொண்டையைப் பிடிக்கும், துணியில் பட்டால் கறை லேசில் போகாது, ஒரு நாள் வைத்தால் நசநசத்துவிடும். ஆனால் ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி இதில் இருக்கிறது. துவர்ப்பை மட்டும் எடுத்துவிட்டால் நல்ல சாறு கிடைக்கும்.

1. பழம் பொறுக்குதல்

மஞ்சளோ சிவப்போ, நிறம் ரகத்தைப் பொறுத்தது. அதை வைத்துச் சுவையை முடிவு செய்ய வேண்டாம். நாம் பழம் என்பது உண்மையில் பருத்துப்போன காம்பு; நுனியில் தொங்கும் கொட்டைதான் தாவரவியல்படி கனி. கொட்டைதான் முதலில் முழு அளவுக்கு வளரும், காம்பு அப்புறம்தான் வீங்கும். அதனால் கொட்டை பெரிதாகிவிட்டதே என்று பறித்துவிடாதீர்கள். தானாக உதிர்ந்த, அடிபடாத பழத்தை அன்றைக்கே எடுங்கள்.

2. கொட்டையைப் பிரித்தல்

கையுறை போட்டுக்கொண்டு திருகினால் கழன்று வந்துவிடும். கொட்டையைக் கத்தியால் வெட்டவோ பல்லால் கடிக்கவோ கூடாது. ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் கொப்பளித்துவிடும்.

3. பிழிதல்

பழத்தை நன்றாகக் கழுவித் துண்டாக்கி, மிக்ஸியில் ஒரு சுற்று விட்டுத் துணியில் பிழியுங்கள். எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரம்தான் சரி. இரும்பில் வைத்தால், துவர்ப்பைத் தரும் டானின் என்ற பொருள் வினைபுரிந்து சாறு கறுத்துவிடும்.

4. தெளியவைத்தல்

முக்கியமான வேலை இதுதான், அவசரப்பட வேண்டாம். ஒரு லிட்டர் சாறுக்கு 5 கிராம் ஜவ்வரிசி போதும். அதைப் பொடித்து, கொஞ்சம் தண்ணீரில் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறியதும் சாற்றில் ஊற்றிக் கலக்குங்கள். மூடி, ஃபிரிட்ஜில் 12 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். வெளியே வைத்தால் சீக்கிரம் புளித்துவிடும்.

கஞ்சியில் உள்ள மாவுச்சத்து டானினைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கும். கலங்கலாக இருந்த சாறு, திரிந்த பால் மாதிரி திட்டுத்திட்டாகப் பிரியும். அப்புறம் அடியில் வண்டலும் மேலே தெளிந்த சாறும் நிற்கும். பாத்திரத்தைச் சாய்க்கும்போது வண்டல் கிளம்பினால் பட்ட பாடெல்லாம் வீண். ஒரு கரண்டியால் மேலாக மொண்டு எடுப்பது நல்லது. நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். இன்னும் துவர்க்கிறது என்றால் இன்னொரு முறை கஞ்சி சேர்க்கலாம்.

5. குடிக்க

சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர் உங்கள் விருப்பம். கொதிக்கவைக்காதீர்கள், வைட்டமின் சி குறைந்துவிடும். ஓரிரு நாளில் குடித்து முடித்துவிடுங்கள். முந்திரி ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது வேண்டாம்.

சரி, கொட்டையை என்ன செய்வது?

இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவையுங்கள். அப்படியே மூட்டை கட்டிப் பதப்படுத்துபவர்களிடம் கொடுத்துவிடுங்கள். வீட்டில் சுட்டு உடைக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். சுடும்போது எழும் புகையே கண்ணையும் மூச்சையும் பதம் பார்க்கும். ஆலைகளில் ஓட்டுக்குள் இருக்கும் அந்த எண்ணெயைத் தனியாக எடுத்துவிடுவார்கள். வண்டிகளின் பிரேக் லைனிங், பெயிண்ட், வார்னிஷ் செய்ய அது பயன்படுகிறது.