அங்கோலாவுக்கு டிப் பார்ப்பது எப்படி?

அக்காவின் மகனுக்கு ஆபிரிக்காவின் அங்கோலாக் கரைக்கு அப்பால் நின்றபடி கடலடிக் கிணறுகளின் எண்ணெயை எடுத்துப் பிரிக்கும் கப்பல் ஒன்றில் இரண்டு வருட வேலை வந்திருக்கிறது. போன ஞாயிறு மட்டிக்களியில் என் வீட்டுக்கு வந்து, பிளேன்டீ ஆறும்வரை பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டான்: "மாமா, அந்த நாட்டில் எண்ணெய் முடியப்போகிறது என்று ஒரு செய்தி சொல்கிறது. உற்பத்தி கூடப்போகிறது என்று இன்னொரு செய்தி சொல்கிறது. எதை நம்பிக் கையெழுத்து வைப்பது?"

நான் அங்கோலாவைக் கண்ணால் கண்டவன் அல்லன். ஆனால் இருபத்தாறு வருடங்கள் எண்ணெய்க் குதங்களின் உச்சியில் ஏறி, பித்தளைக் குண்டு கட்டிய நாடாவை இறக்கி டிப் பார்த்தவன். குதத்தில் எவ்வளவு இருக்கிறது என்று யார் சொன்னாலும், நாடா நனையாமல் நம்பக்கூடாது என்பது அந்தத் தொழிலின் பழக்கம். செய்திக்கும் அதே நாடாதான். அவனுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன். வேறு எந்த நாட்டுச் செய்தியை வைத்திருப்பவரும் இதே வழியில் பார்க்கலாம்.

முதலில் எண்ணை உங்கள் கண்ணுக்குப் பழகிய பாத்திரத்தில் ஊற்றுங்கள். எண்ணெய்ச் செய்திகள் பீப்பாயில் பேசும். ஒரு பீப்பாய் 159 லீட்டர். திருகோணமலையின் சீனன்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய பெரிய குதம் ஒன்று ஏறக்குறைய 12,000 கிலோலீட்டர் கொள்ளும், அதாவது சுமார் 75,000 பீப்பாய். அங்கோலா இப்போது நாளொன்றுக்கு 10 இலட்சம் பீப்பாயைச் சுற்றி எடுக்கிறது. எங்கள் கணக்கில் அது நாளுக்குப் பதின்மூன்று குதம். சீனன்குடாவின் 99 குதங்களையும் துப்புரவாக்கிக் கொடுத்தால், அங்கோலா அவற்றை ஒரு கிழமையும் அரை நாளும் கொண்டு நிரப்பிவிடும். இப்படி ஒரு தடவை ஊற்றிப் பார்த்தால், பிறகு 60,000, 70,000 என்று வரும் செய்திகள் எவ்வளவு பெரியவை என்று தானாகப் பிடிபடும். அவை ஒவ்வொன்றும் ஒரு குதத்துக்கும் குறைவு.

அடுத்தது, அந்த எண் எதை அளந்த எண் என்று கேளுங்கள். நிலத்தடியில் இருப்பது ஒன்று. கப்பல் கொள்ளக்கூடியது இன்னொன்று. உச்சநாளில் வரக்கூடியது வேறொன்று. இன்று குழாயில் வருவது முற்றிலும் வேறு. செய்தி எழுதுகிறவர்கள் இந்த நான்கையும் ஒரே சட்டியில் கிண்டிவிடுவார்கள்.

கண்டுபிடிப்பைக் கேட்டுத் துள்ளக்கூடாது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மன்னார்க் கடலில் 2011ஆம் ஆண்டு இரண்டு கிணறுகளில் எரிவாயு கிடைத்தது. டொராடோ, பராகுடா என்று பெயர் வைத்தார்கள். அந்த வாயுவில் இன்னும் ஓர் அடுப்பும் எரியவில்லை. அங்கோலாவிலோ, ஜிராசோல் வயல் 1996ஆம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்டு, 2001 டிசம்பரில் எண்ணெய் தந்தது. 1,300 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் ஐந்து வருட வேலை. அங்கே கம்பனிகள் வந்தன, காசு வந்தது, விலையும் பிறகு கைகொடுத்தது. ஆகவே கண்டுபிடிப்புச் செய்தி வந்தால், முதலீட்டுக்கான இறுதி முடிவு எடுத்தாயிற்றா என்று மட்டும் தேடுங்கள். அது இல்லாவிட்டால் பத்திரிகையை மடித்து வைத்துவிடலாம். (ஜிராசோல் என்றால் போர்த்துக்கீச மொழியில் சூரியகாந்தி. அந்த வயல் இருக்கும் பதினேழாம் தொகுதி என்ற கடற்பகுதியில் டாலியா, ரோசா, அகேசியா என்று பூந்தோட்டமே இருக்கிறது. பெயர் வைத்தவருக்கு வீட்டில் நல்ல முற்றம் இருந்திருக்க வேண்டும்.)

கொள்திறனும் அப்படித்தான். சீனன்குடாவில் 99 குதங்கள் என்று உலகத்துக்கே தெரியும். ஆனால் பல காலம் கீழ்ப் பகுதியில் பதினைந்துக்கும் குறைவான குதங்கள்தான் வேலை செய்தன; மேலே காட்டுக்குள் நின்றவற்றில் மரம் முளைத்திருந்தது. 99 என்ற எண் பொய்யில்லை. அது இரும்பின் கணக்கு, எண்ணெயின் கணக்கு அல்ல. "நாளுக்கு 120,000 பீப்பாய்க் கப்பல்" என்று படிக்கும்போது அதையும் இரும்பின் கணக்காகவே எடுங்கள்.

இனி முக்கியமான இடம்: தண்ணீர்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம் நான் ஒரு குதத்துக்கு டிப் பார்த்து உயரத்தை எழுதிக் கொடுத்தேன். அடியில் தண்ணீர் எவ்வளவு என்று பார்க்கும் பசையை நாடாவில் பூச மறந்துவிட்டேன். தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பசை அது. மறுநாள் மேற்பார்வையாளர் பூசி இறக்கினார். பதினொரு சென்ரிமீற்றர் தண்ணீர். என் கணக்கில் அதுவும் எண்ணெயாக இருந்தது. அவர் திட்டவில்லை. "நீ அளந்தது குதத்தின் உயரம், எண்ணெயின் உயரம் அல்ல" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

ஒரு நாட்டின் உற்பத்தியிலும் அந்த அடித்தண்ணீர் உண்டு. கிணறு வயதாக ஆக அழுத்தம் விழும். எண்ணெயோடு ஏறும் நீரின் பங்கு கூடும். கப்பலின் இயந்திரம் எண்ணெயைவிட நீரைப் பிரிப்பதிலேயே களைத்துப்போகும். ஆழ்கடல் வயல்கள் விரைவாக உச்சத்துக்கு ஏறி விரைவாக இறங்குபவை. அங்கோலாவின் பெரும்பங்கு எண்ணெய் அப்படிப்பட்ட வயல்களிலிருந்து வருகிறது. 2008ஆம் ஆண்டளவில் நாளுக்கு 20 இலட்சத்தை நெருங்கிய நாடு இன்று பாதிக்கு வந்திருப்பதன் பெரிய காரணம் இதுதான். 2014இல் விலை விழுந்தபோது புதுக் கிணறு தோண்டுவது குறைந்தது மற்றக் காரணம். கிணறு தோண்டாத வருடத்தின் குறை அந்த வருடமே தெரியாது, சில வருடம் கழித்துத்தான் தெரியும்.

இப்போது ஒரு பழைய கொப்பியை எடுத்துக் கணக்குப் பாருங்கள். புதிதாக எதுவும் செய்யாவிட்டால் வருடத்துக்குப் பத்து வீதம் இறங்கும் என்று வைத்துக்கொள்வோம். 10 இலட்சத்தில் அது ஒரு இலட்சம் பீப்பாய். இது என் சொந்த அனுமானம். எட்டு வீதம் என்று போட்டாலும் முடிவு பெரிதாக மாறாது. மற்றப் பக்கத்தில் வருவதை எழுதுங்கள். 2025 ஜூலையில் பெகோனியா, குளோவ் மூன்றாம் கட்டம் என்ற இரண்டு புதுத் திட்டங்கள் தொடங்கின. இரண்டும் சேர்ந்து நாளுக்கு 60,000 பீப்பாய். அதே மாதம் அகோகோ கப்பலும் எண்ணெய் எடுக்கத் தொடங்கியது. அந்தப் பகுதி முழுவதற்கும் உச்சத்தில் 175,000 என்று சொல்லப்படுகிறது. பிரெஞ்சுக் கம்பனியான டோட்டல்எனர்ஜிஸ் 2024 மே மாதம் முடிவெடுத்த கமின்யோ திட்டம் 2028இல் 70,000 தரவேண்டும். எல்லாம் சொன்னபடி நடந்து, எல்லாமே புது எண்ணெய் என்று வைத்தாலும் கூட்டிப் பாருங்கள்: 305,000. மூன்று வருட இறக்கத்துக்குச் சரி. கீழே ஓடும் படியில் மேலே நடக்கிற ஆள் மாதிரி, நடந்தால்தான் நின்ற இடத்திலாவது நிற்கலாம். "உற்பத்தி கூடுகிறது" என்ற தலைப்பும் "எண்ணெய் முடிகிறது" என்ற தலைப்பும் ஒரே மாதத்தில் வருவதன் இரகசியம் இதுதான். ஒன்று வருவதை மட்டும் எழுதியது, மற்றது போவதை மட்டும் எழுதியது.

பிறகு இரண்டாம் டிப். ஒரே ஆள் ஒரே குதத்தில் இரண்டு தடவை நாடா இறக்கி, இரண்டும் ஒத்துவந்தால்தான் எழுதுவோம். அங்கோலாவுக்கும் அப்படிச் செய்யலாம். எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமான ஒபெக் அமைப்பின் மாத அறிக்கையில் ஒவ்வொரு உறுப்பு நாட்டுக்கும் இரண்டு அட்டவணைகள் உண்டு: நாடே சொன்னது ஒன்று, வெளியார் மதிப்பிட்டது ஒன்று. 2007இல் சேர்ந்த அங்கோலா 2023 டிசம்பரில் விலகுவதாக அறிவித்தது. 2024க்கு ஒபெக் அனுமதித்த உற்பத்தி நாளுக்கு 11.1 இலட்சம் பீப்பாய்; அங்கோலா கேட்டது 11.8 இலட்சம். ஆகவே விலகியதற்குப் பிந்திய மாதங்களுக்கு அந்த அறிக்கையைத் தேடிப் பயனில்லை. அங்கோலாவின் எண்ணெய், எரிவாயு முகவர் நிறுவனம் மாதாந்தம் வெளியிடும் எண்ணை எடுத்து, ஏற்றுமதிக் கப்பல்களோடு ஒப்பிடுங்கள். ஒரு கப்பலுக்கு வழக்கமாக 950,000 பீப்பாய் அளவில் ஏற்றுவார்கள். மாதத்துக்கு முப்பது கப்பல் அளவில் கிளம்பினால் நாளுக்கு ஒரு மில்லியன் என்ற பேச்சு சரி. இருபத்தைந்துக்கு இறங்கினால் எங்கோ பராமரிப்பு நடக்கிறது, அல்லது ஏதோ உடைந்திருக்கிறது.

வரிச் சலுகை, சட்டத் திருத்தம் போன்றவற்றுக்கு நான் அதிக நேரம் கொடுப்பதில்லை. அவை கதவைத் திறக்கும். உள்ளே யார் வந்தார் என்று பிறகு பார்க்கலாம்.

எரிவாயுவுக்குத் தனி நாடா வேண்டும். எண்ணெயோடு சேர்ந்து வரும் வாயு, எண்ணெய் குறையக் குறையும். தனி வயலில் இருந்து வரும் வாயு அப்படியல்ல. சோயோவில் உள்ள திரவமாக்கும் ஆலை வருடத்துக்கு 5.2 மில்லியன் தொன் கொள்ளும். 2013இல் முதல் கப்பலை அனுப்பியது. முதலில் அது எண்ணெய் வயல்களில் மிஞ்சும் வாயுவை நம்பித்தான் கட்டப்பட்டது. இப்போது தனி வாயு வயல்களை அதனோடு இணைக்கிறார்கள். அதனால் எண்ணெயைவிட வாயுவின் பக்கம் எனக்கு நம்பிக்கை கொஞ்சம் அதிகம்.

என் முடிவைக் கேட்டால்: பத்து இலட்சத்தை ஒட்டி, சில வருடம் கொஞ்சம் மேலே, சில வருடம் கொஞ்சம் கீழே. 2008 திரும்பி வராது. நாளைக்கே வற்றவும் வற்றாது.

ஆனால் மருமகனுக்கு நாட்டின் கணக்கு போதாது. அவன் வேலை செய்யப்போவது நாட்டில் அல்ல, ஒரு வயலின் மேல் நிற்கும் ஒரு கப்பலில். ஆகவே மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தேன்: கப்பல் எந்த வயலில் நிற்கிறது, அந்த வயல் எந்த வருடம் எண்ணெய் தரத் தொடங்கியது, கப்பலின் வாடகை ஒப்பந்தம் எப்போது முடிகிறது. அன்றிரவே ஆள் அனுப்பும் கந்தோருக்கு அனுப்பினான். மறுநாள் பதில் வந்தது: "அங்கோலா, ஆழ்கடல், நல்ல சம்பளம்."

அதை எனக்குக் காட்டிவிட்டு, அதே மூன்று கேள்விகளைத் திரும்பவும் அனுப்பினான். கடவுச்சீட்டு இன்னும் அவனுடைய மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது.