உடம்பு முழுக்க வலியா? இப்படி ஆரம்பியுங்கள்

மூன்று மாதத்துக்கு மேல் இடது வலது இரண்டு பக்கமும், இடுப்புக்கு மேலேயும் கீழேயும் வலித்தால் "பொம்பளைங்களுக்கு இதெல்லாம் சகஜம்" என்று யார் சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். முதலில் ரத்தப் பரிசோதனை: தைராய்டு, வைட்டமின் டி, ஹீமோகுளோபின், உடம்பில் அழற்சி (உள்வீக்கம்) இருக்கிறதா என்று காட்டும் ஈஎஸ்ஆர், தசை சேதத்தைக் காட்டும் சிகே. கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் மாத்திரை எடுத்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அதனாலும் தசை வலிக்கலாம், ஆனால் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்தும் வலி, அதோடு தூங்கி எழுந்தும் தீராத அசதி என்றால் ஃபைப்ரோமயால்ஜியாவா என்று கேளுங்கள். அதில் நரம்பு மண்டலம் வலியைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. கற்பனை இல்லை, நிஜமான வலி.

அப்புறம் நடை. தினமும் 5 நிமிடத்தில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். வலி குறைந்த நாளில் மொத்த வீட்டு வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்யாதீர்கள், மறுநாள் எழவே முடியாது.