டிங்கிக்கு மோட்டார் வாங்கப் போறீங்களா? முதல்ல தூக்கிப் பாருங்க

டிங்கிங்கற சின்னப் படகுக்கு அவுட்போர்டு, அதாவது படகுக்குப் பின்னாடி மாட்டற மோட்டார், வாங்கணும்னு யார் வந்தாலும் முதல்ல கேக்கறது எத்தனை எச்.பி. போதும்னுதான். நான் திருப்பிக் கேக்கறது, ஒத்தக் கையால எத்தனை கிலோ தூக்குவீங்க? கடையில சிமெண்டு தரையில நின்னு தூக்கினா 25 கிலோ ஒண்ணுமே தெரியாது. டிங்கிக்குள்ள கதையே வேற, மண்டி போட்டு உக்காந்திருப்பீங்க, ஒரு கை விளிம்பைப் பிடிச்சிருக்கும், இன்னொரு கையில மோட்டார், படகு உங்க பக்கமே சாயுது, மோட்டாரைப் பிடிக்கற கிளாம்ப் படகோட பின்பலகையில உக்காரவே மாட்டேங்குது, அந்த நேரத்துல ஒவ்வொரு கிலோவும் பேசும். பெரிய படகுலேர்ந்து கீழ இருக்கற டிங்கிக்கு இறக்கறதுன்னா இன்னும் மோசம்.

அதனால எடைக் கணக்கை முதல்ல மனசுல வச்சுக்கோங்க. 2 லேர்ந்து 3.5 எச்.பி. வரைக்கும் இருக்கற ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார் சுமார் 13 லேர்ந்து 18 கிலோ. 4, 5, 6 எச்.பி. எல்லாம் 24 லேர்ந்து 27 கிலோ. 9.9க்குப் போனா 40 கிலோவைத் தொட்டுடும், அது ஒரு ஆள் தூக்கற சாமான் இல்ல, மாட்டினா மாட்டினபடியே விட்டுடணும்.

சரி, எச்.பி.க்கு வருவோம். தண்ணியைக் கிழிச்சுட்டு மெதுவாப் போற படகுக்கு ஒரு உச்ச வேகம் உண்டு, தண்ணியில படற நீளத்தை அடியில எடுத்து வர்க்கமூலம் போட்டு 1.34ஆல பெருக்கினா நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்குல வரும். 9 அடின்னா வர்க்கமூலம் 3, அப்ப சுமாரா 4 நாட். இதுக்கு 2.5 எச்.பி.யே தாராளம். அதுக்கு மேல கொஞ்சம் கொஞ்சமா எச்.பி. ஏத்தினா பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் வானத்தைப் பாக்கும், பெட்ரோல் குடிக்கும், வேகம் பெருசா ஏறாது. படகு எழும்பி தண்ணி மேல வழுக்கிட்டுப் போகணும்னா நல்லா காத்தடிச்ச ரப்பர் டிங்கியில ஒத்த ஆளுக்கு 6 எச்.பி.யாவது வேணும், ரெண்டு பேரு சாமான்னு ஆனா 8 லேர்ந்து 9.9. நடுவுல 4, 5ன்னு வாங்கறவங்க ரெண்டு பேரா ஏறினா எழும்பவும் மாட்டாங்க, தூக்கும்போது மட்டும் 10 கிலோ அதிகமா சுமப்பாங்க. எதிர்காத்து, இழுப்பு உள்ள தண்ணின்னா அந்த எக்ஸ்ட்ரா பலம் உதவும், அதை இல்லைன்னு சொல்லல.

இதுல ஒரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியறதில்ல. ஒரே கம்பெனியோட 4, 5, 6 எச்.பி. பெரும்பாலும் ஒரே இன்ஜின்தான். டொஹாட்சுல மூணும் 123 சி.சி., சுசுகியில மூணும் 138 சி.சி., எடையிலயும் சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் கிடையாது. 4 எச்.பி. எடையை சுமக்கத் தயார்னா 6ஐயே சுமக்கலாமே. ஆனா படகுல ஒட்டியிருக்கற தகட்டுல அதிகபட்சம் எத்தனை எச்.பி.ன்னு போட்டிருப்பான், அதைத் தாண்டாதீங்க.

அடுத்து ஷாஃப்ட் நீளம், அதாவது மோட்டார்லேர்ந்து ப்ரொப்பெல்லர் வரைக்கும் கீழ இறங்கற தண்டோட நீளம். இதுல நானே ஏமாந்திருக்கேன். நல்லா இருக்குன்னு ஒரு பழைய மோட்டாரை வாங்கிட்டு வந்து மாட்டினா ப்ரொப்பெல்லர் எங்கயோ ஆழத்துல, கரை ஓரத்துல போறப்பல்லாம் தரையில டக்கு டக்குன்னு இடிக்குது. பார்த்தா அது லாங் ஷாஃப்ட். பின்பலகையோட மேல் விளிம்புலேர்ந்து நேரா அடிப்பாகம் வரைக்கும் டேப் வச்சு அளந்துட்டுப் போங்க, 15 இன்ச் கிட்டன்னா ஷார்ட், 20 கிட்டன்னா லாங். டிங்கி பெரும்பாலும் ஷார்ட்தான். மாட்டின பிறகு ப்ரொப்பெல்லருக்கு மேல தட்டையா ரெக்கை மாதிரி ஒரு தகடு இருக்கும் பாருங்க, அது படகோட அடிமட்டத்துக்கு சமமாவோ ஒரு இன்ச் கீழயோ இருக்கணும். மேல போயிட்டா ப்ரொப்பெல்லர் காத்தை இழுக்கும், இன்ஜின் அலறும், படகு நின்ன இடத்துலயே நிக்கும்.

டூ ஸ்ட்ரோக்கா ஃபோர் ஸ்ட்ரோக்கான்னு ஒரு சண்டை எப்பவும் நடக்கும். டூ ஸ்ட்ரோக் லேசு, பாகங்கள் கம்மி, எப்படி வேணாலும் படுக்க வைக்கலாம். ஆனா பெட்ரோல்ல ஆயில் கலக்கணும், பெரும்பாலான மோட்டாருக்கு 50க்கு 1, அதாவது 5 லிட்டருக்கு 100 மில்லி, சிலதுக்கு வேற கணக்கு, அதனால அதோட புத்தகத்தைப் பாருங்க. புகை, வாசனை, தண்ணியில எண்ணெய்ப் படலம், இதெல்லாம் கூடவே வரும். அமெரிக்கா, ஐரோப்பாவுல பழைய மாடல் கார்புரேட்டர் டூ ஸ்ட்ரோக் புதுசா விக்கறதே இல்ல. ஃபோர் ஸ்ட்ரோக் அமைதி, பெட்ரோலும் கம்மி. ஒரே ஒரு தொல்லை, எந்தப் பக்கமா படுக்க வைக்கணும்னு அதுலயே குறிச்சிருப்பான், மாத்திப் படுக்க வச்சா ஆயில் சிலிண்டருக்குள்ள இறங்கிடும். நண்பர் ஒருத்தர் கார் டிக்கியில அப்படி கொண்டு வந்தாரு, கயித்தை இழுத்தா கல்லு மாதிரி நிக்குது. பிளக்கைக் கழட்டி மெதுவா இழுத்து ஆயிலை வெளிய தள்ளி, அப்புறம் ஸ்டார்ட் ஆனதும் ஒரே நீலப் புகை.

ரொம்பச் சின்ன மோட்டார்ல கியர் எப்படின்னு பாத்துக்கோங்க. சுசுகி 2.5ல நியூட்ரல் உண்டு, ரிவர்ஸ் கிடையாது, பின்னாடி போகணும்னா மோட்டாரையே முழுசா திருப்பிக்கணும், பழகிட்டா சுலபம். ஹோண்டா 2.3 காத்துல குளிர்ற இன்ஜின், தண்ணி பம்பே இல்ல, அதனால பம்புக்குள்ள சுத்தி தண்ணியைத் தள்ளற ரப்பர் சக்கரம், இம்பெல்லர்னு சொல்வாங்க, அது தேயற பிரச்சனையும் இல்ல, ஆனா காது கொஞ்சம் பொறுத்துக்கணும்.

நம்பகமான மோட்டார் எதுன்னு கேட்டா கம்பெனி பேரை சொல்ல மாட்டேன். சின்ன மோட்டார் ஸ்டார்ட் ஆகலன்னா பாதிக்கு மேல பழி உள்ள நின்னுபோன பெட்ரோல் மேலதான். கார்புரேட்டருக்குள்ள பித்தளை ஜெட் ஒண்ணு இருக்கும், அதோட ஓட்டையில முடி நுழையறதே கஷ்டம். ரெண்டு மூணு மாசம் சும்மா விட்டா பெட்ரோல் காஞ்சு கோந்து மாதிரி ஆகி அந்த ஓட்டையை அடைச்சுடும், எத்தனால் கலந்த பெட்ரோல்னா ஈரத்தையும் இழுத்து வச்சுக்கும். அதனால வாங்கும்போதே மூடியைத் திறந்து பாருங்க, கார்புரேட்டர் கிண்ணத்துக்கு அடியில ஒரு வடிகால் ஸ்க்ரூ இருக்கும், அதுக்கு வேற எதையும் கழட்டாம ஸ்க்ரூ டிரைவர் எட்டுதா? எட்டுச்சுன்னா அந்த மோட்டாருக்கு என்கிட்ட பாதி மார்க். ஒவ்வொரு தடவையும் ஓட்டி முடிச்சதும் வடிச்சுடலாம், பெட்ரோல் குழாயை மூடி இன்ஜின் தானா நிக்கற வரைக்கும் ஓடவிடறதும் நல்லதுதான், ஆனா அப்பவும் கிண்ணத்துல கொஞ்சம் தங்கும். மீதி மார்க் பாகம் கிடைக்கறதுக்கு, நீங்க இருக்கற ஊர்ல எந்த கம்பெனி இம்பெல்லர் அலையாம கிடைக்குமோ அதை வாங்குங்க. எவின்ரூட் நல்ல மோட்டார்தான், ஆனா 2020ல தயாரிப்பையே நிறுத்திட்டாங்க, பழசு வாங்கறவங்க அதை யோசிக்கணும்.

பழசுன்னா போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா விக்கறவர் முன்னாடியே ஓட்டி வச்சிருக்காருன்னு அர்த்தம், இன்னொரு நாள் வரேன்னு சொல்லிட்டு வாங்க, ஆறிப்போய் இருக்கற இன்ஜின் கயித்தை எத்தனை தடவை இழுத்தா எழுந்துக்குதுங்கறதுதான் பரீட்சை. தண்ணியில குளிர்ற மோட்டார்னா ட்ரம் தண்ணியில விட்டு ஓட்டும்போது பின்னாடி ஒரு சின்னத் தாரை பீச்சணும், விரலை வச்சுப் பாருங்க, வெதுவெதுன்னு இருக்கலாம், கொதிக்கக் கூடாது, சொட்டு சொட்டா வந்தா இம்பெல்லர் போயிருக்கும் இல்ல உள்ள உப்பு அடைச்சிருக்கும். கீழ கியர் ஆயில் ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தினா வர்ற ஆயில் பால் கலந்த காபி மாதிரி இருந்தா சீல் வழியா தண்ணி நுழைஞ்சாச்சு. ஒண்ணு இம்பெல்லர், இன்னொண்ணு சீல், ரெண்டும் மாத்தக் கூடியதுதான், விலையில குறைச்சுக் கேளுங்க.

பேட்டரி மோட்டார் பத்தியும் கேப்பீங்க. 1 கிலோவாட் மோட்டாரை 3 எச்.பி.க்கு சமம்னு விப்பாங்க. டொர்கீடோ 1103ல பேட்டரி கொள்ளளவு 915 வாட் அவர், ஈப்ரொபல்ஷன் ஸ்பிரிட்ல 1276, அப்ப முழு வேகத்துல ஒரு மணி நேரம் முன்ன பின்ன. பாதி வேகத்துல போனா பல மடங்கு நேரம் வரும். கரைக்கும் படகுக்கும் போய் வர்றது மட்டும்தான் வேலைன்னா இதுதான் சுகம், கார்புரேட்டரே கிடையாது, பேட்டரியைத் தனியா கழட்டித் தூக்கலாம்.

எதை வாங்கினாலும் கூடவே ஒரு பிளக், பிளக் ஸ்பேனர், ஷியர் பின் (ப்ரொப்பெல்லர் எதுலயாவது இடிச்சா இன்ஜினைக் காப்பாத்த உடையற சின்னப் பின்) உள்ள மாடல்னா ரெண்டு பின், ஒரு குறடு, இதையெல்லாம் ஒரு டப்பாவுல போட்டு படகுலயே வச்சுடுங்க, இழுத்தா இன்ஜினை நிறுத்தற கில் ஸ்விட்ச் கயிறும் ரெண்டு இருக்கட்டும், துடுப்பையும் கழட்டி வைக்காதீங்க. முதல் தடவை மாட்டும்போது மோட்டார்ல ஒரு கயித்தைக் கட்டி மறுமுனையை படகுல கட்டிட்டு அப்புறம் தூக்குங்க, கை நழுவினாலும் தண்ணிக்குள்ள போய் உக்காராது. 10 நிமிஷம் ஓட்டினதும் நிறுத்தி கிளாம்ப் ஸ்க்ரூவை இன்னொரு தடவை முறுக்குங்க, அதிர்வுல அரைச் சுத்தாவது லூஸ் ஆகியிருக்கும்.